பெட்டிக்குள் பூனை: சூடா, மறைவா, எல்லையா?

வீட்டுப் பூனை அட்டைப்பெட்டியைக் கண்டதும் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்வதற்கு மூன்று காரணங்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. பெட்டி உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது என்பது ஒன்று. மறைவு கிடைப்பதால் அச்சம் தணிகிறது என்பது மற்றொன்று. பதுங்கிப் பாயும் விலங்குக்குப் பெட்டி நல்ல ஒளிவிடம் என்பது மூன்றாவது. மூன்றிலும் முதற்காரணமே எளிமையானது. அதனாலேயே மிகுதியும் பரவியது. அது குளிர்நாடுகளில் உருவான விளக்கம். ஆண்டு முழுதும் பகலில் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த விளக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் முதற்கேள்வி. சூட்டுக்கும் மறைவுக்கும் பங்குண்டு. ஆனால் பூனை அடிப்படையில் நாடுவது எல்லை வகுக்கப்பட்ட ஓர் இடத்தை, அதுவும் தன் விருப்பப்படி புகவும் வெளியேறவும் கூடிய இடத்தை என்பது இங்கே முன்வைக்கப்படும் முடிவு.

கிள்ளானுக்கு வடக்கே மேருவின் பசாரிலும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளின் ஐந்தடி நடைபாதையிலும் இக்காட்சிக்குப் பஞ்சமில்லை. சீனப் பெருநாளையொட்டி வந்திறங்கும் மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டிகள் காலியானதும் கடையோரம் கிடக்கும். அவற்றில் ஒன்றிரண்டு சீக்கிரமே தெருப்பூனைக்குச் சொந்தமாகிவிடும். பூனை புகும் முறையைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் விளிம்பை மோந்து பார்க்கும். மூலையில் கன்னத்தைத் தேய்க்கும். கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சுரப்பிகளின் வாசனை அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒரு முன்னங்காலை உள்ளே வைத்து அடிப்பகுதியை அழுத்திப் பார்த்த பிறகே மற்றதை எடுத்து வைக்கும். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைச் சுவரோடு ஒட்டி, திறந்த பக்கத்தைப் பார்த்து உட்காரும். முன்னங்கால்களை மார்புக்குக் கீழே மடக்கிக்கொண்டதும் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். முதுகு சுவரில், முகம் வாசலில் என்ற இந்த அமர்வை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. சூடு மட்டுமே நோக்கமென்றால் முகம் எந்தத் திசையில் இருந்தாலும் ஒன்றுதானே?

அட்டைப்பெட்டி பூனையின் வரலாற்றில் நேற்று வந்த பொருள். நெளிவு வைத்த காகிதத்துக்கு இங்கிலாந்தில் 1856-இல் காப்புரிமை பெறப்பட்டது. அன்று அது உயரத் தொப்பிகளுக்கு உள்வரியாகப் பயன்பட்டது. பொருள்களைப் பொதிய அதைப் பயன்படுத்தும் உரிமையை நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871-இல் பெற்றார். கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களின் லயங்களில் பூனைக்குக் கிடைத்தவை விறகு அடுக்கின் இடுக்கு, அரிசிச் சாக்கின் பின்புறம், காலி மண்ணெண்ணெய் டின், அடுப்பு மேடைக்கு அடியில் உள்ள பொந்து ஆகியவை. ஆகவே விளக்கப்பட வேண்டியது அட்டையின் மீதுள்ள ஆசை அன்று, அட்டையில் வந்து பொருந்திய மிகப் பழைய பழக்கம்.

அப்பழக்கத்தின் வேர் மேற்காசியாவில் இருக்கிறது. உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் அப்பகுதியின் காட்டுப்பூனை வழியிலிருந்து வந்தவை என்பதை கார்லோஸ் டிரிஸ்கால் தலைமையிலான மரபணு ஆய்வு 2007-இல் காட்டியது. சைப்ரஸ் தீவில் மனிதருக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு ஏறத்தாழ 9500 ஆண்டுப் பழமையானது. வெட்டவெளி மிகுந்த வறண்ட நிலத்தில் தனியே வேட்டையாடிய அந்தச் சிறுவிலங்கு பகற்பொழுதைப் பாறை இடுக்கிலும் பிற விலங்குகள் விட்டுச்சென்ற வளையிலும் கழித்தது. எலிக்கு அது எமன். ஓநாய்க்கும் பெரும் பறவைக்கும் அதுவே இரை. இந்த இரட்டை நிலை நினைவில் இருந்தால் பின்வரும் பல செய்திகள் எளிதாகப் புரியும். புதிய நிலங்களுக்குப் பரவியபோது உருவத்தில் பூனை மாறத்தான் செய்தது. மலாய்த் தீவுக்கூட்டத்திலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் பாதி நீளமே இருப்பதையும் நுனியில் முடிச்சுப் போலத் திரண்டிருப்பதையும் சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த முடிச்சு வால் இன்றும் மேரு பசாரில் நடமாடுகிறது. வால் மாறியது, இடுக்கைத் தேடும் குணம் மாறவில்லை.

இனி, சூட்டைப் பற்றி. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2006-இல் வெளியிட்ட ஊட்டச்சத்து நூல் பூனைக்கு இதமான வெப்ப வரம்பை 30 முதல் 38 டிகிரி என்று குறிக்கிறது. இவ்வரம்புக்குள் உடல் தன் சூட்டைக் காக்கவோ தணிக்கவோ கூடுதல் ஆற்றல் செலவிட வேண்டியதில்லை. ஐரோப்பிய வீட்டின் உள்வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருப்பதால், மனிதருக்குச் சுகமான அறை பூனைக்குக் குளிர்ந்த அறையாகிறது. நெளியட்டையின் அடுக்குகளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அங்கே பெட்டி ஒரு போர்வையின் வேலையைச் செய்கிறது என்ற வாதத்தில் பிழையில்லை.

மேருவில் நண்பகல் வெப்பம் அந்த இதமான வரம்புக்குள்ளேயே இருக்கிறது. காக்க வேண்டிய சூடு அப்போது இல்லை. சூடு தாளாத பூனை என்ன செய்யும் என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததே: சிமென்ட்டுத் தரையிலோ மார்பிள் தரையிலோ நான்கு காலையும் நீட்டி, வயிற்றைத் தரையில் படியவிட்டுக் கிடக்கும். அதே பொழுதில் அதே பூனை பெட்டிக்குள்ளும் போய் அமர்கிறது என்றால், சூட்டுக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்றுக்காகவே போகிறது. இதைவிடத் தெளிவான சான்று கைகழுவும் பேசின். வெயில் ஏறியதும் குளியலறைப் பேசினுக்குள் சுருண்டு படுக்கும் பூனைகள் மலேசிய வீடுகளில் ஏராளம். பேசின் பீங்கானால் ஆனது. உடற்சூட்டை உறிஞ்சிக் குளிர்விக்கக் கூடியது. பெட்டி சூடேற்றுகிறது, பேசின் குளிர்விக்கிறது. பூனை இரண்டிலும் உட்காருகிறது. இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது சுற்றி எழுந்து நிற்கும் விளிம்பு ஒன்றே. நாள் பொழுதுக்கும் பருவநிலைக்கும் ஏற்பப் பூனை எந்தப் பொருளைத் தேர்கிறது என்பதை வெப்பம் தீர்மானிக்கலாம். விளிம்புள்ள இடத்தை ஏன் தேர்கிறது என்பதற்கு வெப்பத்திடம் பதில் இல்லை.

இதற்கு விலக்கும் உண்டு. கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் குளிர்சாதனத்தை 24 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வைத்து உறங்குவது வழக்கம். அந்த அறையில் பூனைக்கு நெதர்லாந்தும் ஒன்றுதான், பங்சாரும் ஒன்றுதான். மழைபெய்த இரவில் நிறுத்தி வைத்த காரின் எஞ்சினுக்கு அருகே தெருப்பூனை ஏறிக்கொள்வதிலும் சூட்டுக்குப் பங்குண்டு. இவ்விடங்களில் வெப்ப விளக்கம் செல்லும். முழுப் பழக்கத்தையும் அதன் தலையில் சுமத்துவதே பிழை.

மறைவு பற்றிய விளக்கத்துக்கு ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. கேத்தி கார்ல்ஸ்டெட்டும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகப் பூனைகளில் ஒரு பகுதியின் அன்றாட ஒழுங்கு வேண்டுமென்றே குலைக்கப்பட்டது. உணவும் பராமரிப்பும் எதிர்பார்த்த நேரத்தில் கிடைக்காமல், மனிதர் கையாள்வதும் முன்னறிய முடியாததாக ஆனபோது, அப்பூனைகளின் சிறுநீரில் மனஅழுத்த இயக்குநீரான கார்ட்டிசோல் உயர்ந்தது. அவற்றுள் அதிகம் ஒளிந்துகொண்ட பூனைகளுக்குக் கார்ட்டிசோல் குறைவாக இருந்தது. ஒளிந்திருக்கும் பூனையை அச்சத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இது எதிர்பாராத முடிவு. ஒளிதல் என்பது பூனை தன் அச்சத்துக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியமும் ஆகிறது.

பெட்டியையே நேராகச் சோதித்த ஆய்வுகள் இதற்குப் பின் வந்தவை. அவற்றுக்கு அளவுகோலாக உதவியது கெஸ்லரும் டர்னரும் 1997-இல் வெளியிட்ட ஏழு படி மதிப்பீட்டு முறை. உடல் தளர்ந்து கிடக்கும் நிலை முதற்படி. வெருண்டு விறைத்து ஒடுங்கும் நிலை ஏழாம் படி. வயிறு, கால், வால், காது, கண்மணி, மீசை ஆகியவற்றின் நிலையைப் பார்த்து மதிப்பெண் இடப்படும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா வின்கே குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மறைவுப் பெட்டி வைக்கப்பட்டது, 9-க்கு வைக்கப்படவில்லை. மூன்றாம், நான்காம் நாள்களிலேயே பெட்டி பெற்றவை தெளிவாக அமைதி அடைந்திருந்தன. 14-ஆம் நாளில் இரு கூட்டத்துக்கும் வேறுபாடு மறைந்தது. 23 பூனைகளைக் கொண்டு 2019-இல் வெளியான அடுத்த ஆய்வும் பெட்டி பெற்றவை விரைவில் தேறுவதை உறுதிப்படுத்தியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 43 பூனைகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு இன்னொரு ஐயத்தையும் தீர்த்தது. மறைவிடம் கொடுத்தால் பூனை வெளியே வராமலே இருந்துவிடும் என்ற கவலைக்கு மாறாக, பெட்டி பெற்ற பூனைகளே மனிதரை அதிகம் நெருங்கி வந்தன.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது ஒரு நுட்பம் நழுவிவிடக் கூடாது. 14-ஆம் நாளில் வேறுபாடு மறைகிறது என்றால், பழகிய சூழலில் பெட்டி இன்றியும் பூனை அமைதியாக இருக்கிறது என்று பொருள். அப்படியானால் பிறந்த வீட்டிலேயே, அச்சுறுத்த யாருமில்லாமல் வளர்ந்த பூனை நாள்தோறும் பெட்டிக்குள் போவது ஏன்? தெருப்பூனைக்கு அச்சம் மெய்யானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய்க்கூட்டம் உண்டு. லோங்காங் வழியாகக் குடியிருப்புக்குள் வரும் உடும்பும் மலைப்பாம்பும் உண்டு. மலைப்பாம்பைப் பிடிக்கப் பொதுத் தற்காப்புப் படைக்கு அழைப்புப் போகும் செய்தி இங்கே புதிதன்று. பத்தாவது மாடியில் இருக்கும் வீட்டுப் பூனைக்கு இவை எதுவும் இல்லை. மேலும், பூனை தேடிப்போகும் பெட்டிகள் பலவும் மறைக்கும் தரத்தில் இருப்பதில்லை. காலணிப் பெட்டியில் பாதி உடல் வெளியே பிதுங்கியிருக்கும்; தட்டு, முறம், மடித்து வைத்த துணியின் மேற்புறம் எல்லாமே ஏற்றுக்கொள்ளப்படும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்கும் பழமொழி இதைத்தான் கேலி செய்கிறது. கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால், மறைவு என்ற விளக்கத்தின் வரம்பு அதில் இருக்கிறது. மறைக்காத இடமும் பூனைக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுவது 2021-இல் வெளியான ஓர் எளிய சோதனை. நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரியைச் சேர்ந்த கேப்ரியெல்லா ஸ்மித்தும் குழுவினரும் பூனை வளர்ப்போரிடமே காகித வடிவங்களைக் கொடுத்து, வீட்டுத் தரையில் ஒட்டிப் பார்க்கச் செய்தனர். ஒன்று கோடிட்ட சதுரம். இரண்டாவது, இத்தாலிய உளவியலாளர் கயெட்டானோ கனிட்ஸாவின் பெயரால் வழங்கும் மாயச் சதுரம்: கால்பகுதி கடித்த தோசை போன்ற நான்கு வட்டங்களை, கடித்த பக்கம் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்தால், வரையாத சதுரம் நடுவே இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். மூன்றாவது ஒப்பீட்டுக் கோலம்: அதே நான்கு வட்டங்கள், கடித்த பக்கம் வெளியே திரும்பியவை, இதில் சதுரம் தோன்றாது. முழுச் சோதனையையும் முடித்தவை 30 பூனைகள். அவற்றுள் 9 மட்டுமே ஏதேனும் ஒரு வடிவத்துக்குள் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை ஒப்பீட்டுக் கோலத்தைவிட மாயச் சதுரத்தையே நாடின; கோடிட்ட சதுரத்துக்கும் மாயச் சதுரத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

எண்ணிக்கை சிறியது, பூனையின் உரிமையாளர் வீட்டில் செய்த சோதனை ஆய்வகத் துல்லியம் உடையதும் அன்று. ஆனாலும் அதன் அமைப்பு மிகக் கூர்மையானது. தரையில் ஒட்டிய காகிதம் சூடு தராது, மறைவு தராது. வேட்டைக்கு ஒளிவிடமும் ஆகாது. புதிய பொருள் என்ற ஆர்வமே காரணம் என்று சொல்லவும் வழியில்லை. ஒப்பீட்டுக் கோலமும் அதே காகிதம், அதே அளவு, அதே புதுமை. வேறுபட்டது எல்லை தோன்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே. பூனையின் கண் மாய விளிம்பைக் காண வல்லது என்பது 1988-இலேயே ஆய்வகத்தில் நிறுவப்பட்ட செய்தி. ஆக, சுவர் எழும்புவதற்கு முன்பே, எல்லை என்ற குறிப்பு ஒன்றே பூனையை உள்ளே இழுக்கப் போதுமானதாகிறது. காட்டில் விளிம்பு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பொந்தும் இருக்கும். விளிம்பை விரும்பிய பூனை பிழைத்தது. வீட்டில் அந்த இணைப்பு அறுந்த பிறகும் விருப்பம் மட்டும் நின்றுவிட்டது என்று கொள்வது பொருத்தமானது.

குட்டிப் பருவமும் இதற்கு உரமிடுகிறது. பூனைக்குட்டி கண் திறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் தன் சூட்டைத் தானே காக்கும் திறனும் முழுமையாக இராது. ஜே ரோசன்பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், கண் திறக்காத குட்டிகளும் கூட்டின் மூலையை வாசனையால் அறிந்து ஊர்ந்து திரும்புவதைக் காட்டினர். கடைவீட்டின் பின்புறப் பெட்டியில் ஈன்று வளர்க்கப்பட்ட குட்டிக்கு உலகின் முதல் வடிவமே நான்கு சுவர்தான். இது மட்டுமே காரணம் என்றால் சாக்கிலும் புல்லிலும் பிறந்த குட்டிகள் பெட்டியை ஒதுக்க வேண்டும், அவை ஒதுக்குவதில்லை. வளர்ப்பு ஊக்குவிக்கிறது, தொடக்கி வைப்பதில்லை.

வேட்டை விளக்கத்தை இங்கே சுருக்கமாகப் பார்த்தால் போதும். மாலையில் வேலியோரம் பதுங்கும் வெருகு எனும் காட்டுப்பூனையையும் அதைக் கண்டு குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக் கோழிப் பேடையையும் ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையின் 139-ஆம் பாடலில் காட்டுகிறார். பூனைக் குலம் எல்லையோரத்தில் நின்று வேட்டையாடுவது தமிழருக்கு ஈராயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. பெட்டிக்குள் இருந்துகொண்டு கடந்து போகும் காலைத் தட்டும் பூனையிடம் அந்தக் குணம் வெளிப்படவே செய்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் இயங்கிய பெரும்பூனைக் காப்பகம் ஒன்றின் புலிகளும் சிங்கங்களும் பேரளவு அட்டைப்பெட்டிகளுக்குள் நுழைவது படமாகப் பதிவாகியுள்ளது. வளர்ந்த புலிக்கு அஞ்ச வேண்டிய பகைவிலங்கு இல்லை. ஆகவே அச்சம் என்ற ஒரே நூலில் எல்லாவற்றையும் கோத்துவிட முடியாது. எனினும் பெட்டிக்குள் உட்காரும் வீட்டுப் பூனை பெரும்பாலும் தூங்குகிறது. தூங்கும் விலங்கை வேட்டைக்குக் காத்திருப்பதாகச் சொல்வது தாராள மனப்பான்மை.

எல்லை என்ற விளக்கத்தின் மீது எழக்கூடிய வலுவான தடை வேறு. நான்கு சுவரும் கூரையும் உள்ள இடத்தைப் பூனை விரும்பும் என்றால், கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகும் பிளாஸ்டிக் கூண்டை அது தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும். நடப்பது நேர்மாறு. கூண்டைப் பரண்மேலிருந்து இறக்கும் ஓசை கேட்டதுமே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கூண்டு ஆரஞ்சுப் பெட்டியைவிட நன்றாக மறைக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது. ஒரே குறை, கதவின் தாழ் மனிதர் கையில் இருப்பது. அதே கூண்டைக் கதவு கழற்றி, பழந்துணி விரித்து, மாதக்கணக்கில் கூடத்திலேயே போட்டு வைத்தால் பூனை அதில் தானே போய்ப் படுக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பழக்கும் முறையும் இதுவே. வடிவம் மாறவில்லை, வாசனையும் அச்ச நினைவும் வாசலின் ஆட்சியும் மாறின. இதிலிருந்து பெறப்படுவது, எல்லை தேவை, ஆனால் எல்லை மட்டும் போதாது என்பதே. உள்ளே போவதும் வெளியே வருவதும் பூனையின் கையில் இருக்க வேண்டும். கார்ல்ஸ்டெட் ஆய்வில் கார்ட்டிசோலை உயர்த்தியது முன்னறிய முடியாமை. பெட்டி அதற்கு நேரெதிரானது. மூன்று பக்கத்திலிருந்து எதுவும் வராது, வருவது எதுவானாலும் கண்ணெதிரே இருக்கும் ஒரு வாசல் வழியாகவே வரும். முதுகு சுவரில், முகம் வாசலில் என்ற அமர்வின் பொருள் இதுதான்.

இம்முடிவுக்கு நடைமுறைப் பயன் உண்டு. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் அனைத்துலகப் பூனை மருத்துவச் சங்கமும் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, பூனையின் சூழல் தேவைகளில் பாதுகாப்பான இடத்தை முதலாவதாக வைக்கிறது. எளிய அட்டைப்பெட்டியே அதற்குப் போதும் என்கிறது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வாய்ப்பிருக்க வேண்டும் என்பதை அது உரிமையாளரின் கடமைகளுள் சேர்க்கிறது. பூனைக்கு ஒளிதல் இயல்பான நடத்தை என்றால், மறைவிடம் இல்லாத கம்பிக்கூண்டில் நாள்கணக்கில் வைப்பது அந்தக் கடமையோடு ஒத்துப்போகாது. அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ சிலாங்கூர் போன்ற காப்பகங்களுக்கும் தனியார் பூனைத் தங்கல்களுக்கும் இதில் செலவு என்று சொல்ல ஏதுமில்லை. பசாரில் வீசப்படும் பெட்டியே மருந்து.

இந்நாட்டு ஈரக்காற்றுக்கு ஏற்பச் சில திருத்தங்கள் தேவை. ஈரம் உறிஞ்சிய அட்டையில் பூஞ்சணம் படரும், கரப்பான் முட்டையிடும். ஆகவே பெட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பூனை தேய்த்து வைத்த வாசனை முழுதும் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. கம்பி ஊசியையும் ஒட்டுநாடாவையும் அகற்றிவிட வேண்டும். சூடு தேங்காதிருக்கப் பக்கவாட்டில் ஒரு திறப்பு வெட்டலாம். பல பூனைகள் உள்ள வீட்டில் இரண்டாவது வாசல் கட்டாயம். இல்லாவிட்டால் வலிய பூனை ஒன்று வாசலில் வந்து குந்திக்கொள்ள, உள்ளே இருப்பதற்குப் பெட்டி பொறியாகிவிடும்.

பெட்டிக்குள் இருக்கும் பூனை எப்போதும் நலமாக இருக்கிறது என்று கொள்வதும் தவறு. நோயுற்ற பூனையும் ஒளியும். வழக்கமாகப் பெட்டியில் தூங்கி எழுந்து, உணவு நேரத்தில் வெளியே வந்து, உடலை நீட்டி நெளித்து நடக்கும் பூனைக்குக் கவலை இல்லை. உணவுத் தட்டின் ஓசைக்கும் அசையாமல், மயிரை நக்கிச் சீராக்காமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஒடுங்கிக் கிடக்கும் பூனையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓரிரு நாளுக்கு மேல் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாக முடியும்.